அனல் நிலையச் சாம்பலில் கடலை விளையுமா?

வீட்டில் விளக்கு எரிகிறது. மின்விசிறி சுழல்கிறது. அடுக்களையில் மிக்சி ஓடுகிறது.

அதே நேரத்தில் எங்கோ ஓர் அனல் மின் நிலையத்தில், அந்த வீட்டுக்காக நிலக்கரி எரிந்துகொண்டு இருக்கிறது. கரி எரிந்தால் சாம்பல் மிஞ்சும் அல்லவா?

எவ்வளவு சாம்பல் என்று கணக்குப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

ஒரு யூனிட் மின்சாரம் உண்டாக்க ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு எரியாத மண்தான். ஆகவே ஒரு யூனிட்டுக்குச் சுமார் கால் கிலோ சாம்பல். தினம் நாலு யூனிட் செலவழிக்கும் குடும்பத்தின் பெயரில், நாள்தோறும் ஒரு கிலோ சாம்பல் விழுகிறது!

இப்படி இந்தியா முழுவதும் ஆண்டுக்கு 20 கோடி டன்னுக்கு மேல் சேருகிறது.

இவ்வளவையும் எங்கே கொட்டுவது? சிமெண்டு ஆலைகள் லாரி லாரியாக வாங்குகின்றன. செங்கல் செய்கிறார்கள். சாலை போடுகிறார்கள். பழைய சுரங்கக் குழிகளை நிரப்புகிறார்கள். மிச்சத்தைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகப் பெரிய பெரிய சாம்பல் ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள்.

"வயலில் போட்டால் என்ன?" என்ற கேள்வி விஞ்ஞானிகளுக்கு எழுந்தது. பல ஆண்டுகளாகப் பரிசோதனை செய்து பார்த்து இருக்கிறார்கள். அதிலும் உளுந்து, பச்சைப் பயறு, துவரை, நிலக்கடலை போன்ற பயிர்களில்தான் இந்தச் சாம்பலுக்குத் தனி வேலை உண்டு என்று தெரியவந்தது.

அந்த வேலை என்ன? அதில் உள்ள ஆபத்து என்ன? இரண்டையுமே தெரிந்துகொள்ள வேண்டும்.

பாட்டி தூவிய சாம்பல்

சாம்பல் நம் ஊருக்குப் புதிது அல்ல.

விறகு அடுப்பு எரிந்த காலத்தில், காலையில் அடுப்பைத் துடைத்தவுடன் சாம்பலை அள்ளிப் போய்க் குப்பைக் குழியில் போடுவார்கள். புடலங்கொடியிலும் அவரைக் கொடியிலும் அசுவினி அப்பிக்கொண்டால், பனி ஈரம் காயும் முன்பே ஒரு பிடி சாம்பலைத் தூவுவார்கள். விதைப் பயறில் வண்டு விழாமல் இருக்கச் சாம்பலைக் கலந்து பானையில் கட்டி வைப்பார்கள்.

உரத்தின் பெயரிலேயே சாம்பல் இருக்கிறது. பயிருக்கு வேண்டிய மூன்று பெரிய சத்துகள் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. கடைகளில் "பொட்டாஷ்" என்று கேட்டு வாங்குகிறார்களே, அந்தச் சொல்லுக்கும் "பானைச் சாம்பல்" என்றுதான் பொருள். மேல்நாட்டில் முன்காலத்தில் மரச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, பானையில் காய்ச்சி அந்த உப்பை எடுத்தார்கள்.

ஆனால் இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

அடுப்புச் சாம்பல் வேறு. அனல் நிலையச் சாம்பல் வேறு!

விறகு என்பது மரம். மரம் மண்ணிலிருந்து உறிஞ்சிய சத்தெல்லாம் அதன் சாம்பலில் இருக்கும். தண்ணீர் பட்டதும் அந்தச் சாம்பல்சத்து கரைந்து பயிருக்குக் கிடைத்துவிடும். நிலக்கரிச் சாம்பல் அப்படி அல்ல. அதில் பெரும்பகுதி மணலின் சத்தான சிலிக்காவும், அலுமினியமும், இரும்பும்தான். உலையின் கடும் வெப்பத்தில் உருகி, கண்ணாடி உருண்டைகளாக மாறியவை அவை. பொட்டாஷ் இருந்தாலும் அந்தக் கண்ணாடிக்குள் பூட்டிக் கிடக்கிறது. மெதுவாகத்தான் வெளியே வரும்.

அந்த உருண்டைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. முகப் பவுடர் போல மிருதுவாக இருக்கும். புகைபோக்கிக்குப் போகும் வழியில் மின்சாரத் தகடுகளை வைத்து, பறக்கும் சாம்பலை இழுத்துப் பிடிக்கிறார்கள். இல்லாவிட்டால் சுற்று வட்டாரம் முழுவதும் வெள்ளை அடித்ததுபோல் ஆகிவிடும்.

தழைச்சத்து எங்கே போயிற்று?

இந்தச் சாம்பலில் ஒரு பெரிய குறை உண்டு. தழைச்சத்து அடியோடு கிடையாது. கரி எரியும்போதே நைட்ரஜன் புகையோடு போய்விட்டது.

நெல்லுக்கோ கரும்புக்கோ வெறும் சாம்பலைப் போட்டால் பயிர் வெளிறி நிற்கும். தழைச்சத்தைத் தனியாக வாங்கிப் போட வேண்டும்.

பயறு வகைகளுக்கு அந்தக் கவலை குறைவு. ஏன்?

ஓர் உளுந்துச் செடியை வேரோடு மெல்லப் பிடுங்கி, மண்ணை நீரில் அலசிப் பாருங்கள். வேரில் கடுகு போல, மிளகு போலச் சிறு முடிச்சுகள் தெரியும். அவை நோய் அல்ல. ரைசோபியம் என்ற நுண்ணுயிர்கள் குடியிருக்கும் வீடுகள். செடி அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. அவை காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாகக் கொடுக்கின்றன.

ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பச்சையாகவோ வெளுத்தோ இருந்தால் வேலை நடக்கவில்லை. அந்தச் சிவப்பு, நம் ரத்தத்தில் உள்ள சிவப்புக்கு உறவு! பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினால் மறக்கவே மாட்டார்கள்.

ஆக, சாம்பலில் இல்லாத சத்தைப் பயறுச் செடி தானே சம்பாதித்துக்கொள்கிறது. செடிக்கு வேண்டிய மற்றச் சத்துகளில் சிலவற்றைச் சாம்பல் கொடுக்கிறது. சுண்ணாம்புச் சத்து, மெக்னீசியம், கந்தகம், துத்தநாகம், போரான், மாலிப்டினம் எல்லாம் அதில் கொஞ்சம் கொஞ்சம் உண்டு.

இவற்றில் மாலிப்டினம் என்ற பெயர் பலருக்குப் புதிதாக இருக்கும். அதற்கு ஒரு கதை உண்டு.

ஆஸ்திரேலியாவில் ஒரு புதிர்

தெற்கு ஆஸ்திரேலியாவில் ஆடு மாடு மேயும் புல்வெளிகளில் கிளோவர் என்ற தீவனச் செடியை வளர்த்தார்கள். அதுவும் பயறு இனந்தான். சில இடங்களில் என்ன உரம் போட்டாலும் அது தேறவில்லை. ஆனால் மரச் சாம்பல் விழுந்த இடத்தில் மட்டும் செழித்து நின்றது!

பொட்டாஷ்தான் காரணமோ? பொட்டாஷ் போட்டுப் பார்த்தார்கள். பலன் இல்லை.

ஆண்டர்சன் என்ற விஞ்ஞானி சாம்பலில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். கடைசியில் காரணம் அகப்பட்டது. அதுதான் மாலிப்டினம். 1942-ல் இதை வெளியிட்டார்.

ஏக்கருக்கு எவ்வளவு வேண்டி இருந்தது தெரியுமா? ஒன்றிரண்டு அவுன்ஸ்! ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும் பொருள், ஏக்கர் கணக்கில் நிலத்தைப் பச்சையாக்கியது. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் வேலையை நுண்ணுயிர் செய்ய வேண்டுமானால் மாலிப்டினம் இல்லாமல் நடக்காது. அதுதான் ரகசியம்.

புளிப்பு மண்ணில், அதாவது அமில மண்ணில், இந்த மாலிப்டினம் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுண்ணாம்புத் தன்மை உள்ள சாம்பல் அமிலத்தை முறித்து, அதை விடுவிக்கிறது.

எஸ்தோனியா நாட்டில் எண்ணெய்ப் பாறையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். அங்கே மிஞ்சும் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம். அதைப் பல ஆண்டுகளாக அமில வயல்களுக்குச் சுண்ணாம்புக்குப் பதிலாகப் போட்டு வந்தார்கள்.

நெய்வேலிச் சாம்பலும் மல்லாட்டையும்

நம் ஊருக்கு வருவோம்.

1930-களில் நெய்வேலிப் பக்கத்தில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கரிய பொருளும் வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் அதற்கென்று நிறுவனம் ஏற்பட்டது. 1957-ல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் கரி தட்டுப்பட்டது. 1962-ல் மின்சாரம் பிறந்தது. அந்த முதல் மின் நிலையம் 2020-ல் ஓய்வு பெற்றது. அதன் பின்னால் வந்த நிலையங்கள் ஓடுகின்றன.

நெய்வேலிச் சாம்பலுக்கும் வடக்கே இருந்து வரும் கரியின் சாம்பலுக்கும் வித்தியாசம் உண்டு. நெய்வேலிச் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம். கந்தகமும் உண்டு.

சுற்றிலும் என்ன விளைகிறது? கடலூர், விழுப்புரம் பக்கத்துச் செம்மண் காடுகளில் நிலக்கடலை. அங்கே அதை மல்லாட்டை என்பார்கள்.

நிலக்கடலையின் குணம் விசித்திரமானது. பூ மேலே பூக்கிறது. காய் கீழே காய்க்கிறது. பூ உதிர்ந்ததும் ஊசிபோல் ஒரு விழுது கிளம்பி மண்ணுக்குள் இறங்கும். அதன் நுனியில்தான் காய் பிடிக்கும். அந்தக் காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் கொண்டுவந்து கொடுப்பது இல்லை. காயே தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்ள வேண்டும்!

மண்ணில் சுண்ணாம்புச் சத்து இல்லாவிட்டால்? ஓடு இருக்கும், பருப்பு இருக்காது. பொக்குக் காய்தான். மூன்று மாதம் பாடுபட்டு, கூலி கொடுத்துப் பறித்து, மூட்டை கட்டிக்கொண்டு போனால், கமிட்டியில் உடைத்துப் பார்த்துவிட்டு விலையைக் குறைத்து விடுவார்கள். அந்த வயிற்றெரிச்சல் கடலைக்காரர்களுக்குத்தான் தெரியும்.

அதற்காகத்தான் விதைத்த 40, 45 நாளில், மண் அணைக்கும்போது, ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். ஜிப்சத்தில் சுண்ணாம்பும் கந்தகமும் இருக்கின்றன. சாம்பல் அந்த வேலையில் ஒரு பகுதியைச் செய்யும். முழுவதும் செய்துவிடும் என்று நம்பி ஜிப்சத்தை நிறுத்திவிடக் கூடாது.

இன்னொரு நன்மையும் உண்டு. செம்மண் மழை பெய்து காய்ந்தால் மேலே ஓடு கட்டிவிடும். விழுது இறங்காது. காயைப் பிடுங்கினால் பாதி மண்ணிலேயே அறுந்து நிற்கும். நயமான சாம்பலை அளவோடு கலந்தால் இறுகிய மண் கொஞ்சம் பொலபொலப்பாகிறது. மணல் நிலமானால் ஈரம் சற்று அதிக நேரம் நிற்கிறது.

அதே நெய்வேலிச் சாம்பலைச் செடியின் மேல் தூவிப் பூச்சிகளை விரட்டும் ஆராய்ச்சி சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. பாட்டி புடலங்கொடிக்குத் தூவியது விஞ்ஞானத்துக்கு விரோதம் இல்லை என்று அதனால் தெரிகிறது.

பவுடருக்குள் நஞ்சு

இவ்வளவு நன்மை இருக்கிறதே, டிராக்டரில் ஏற்றி வந்து முட்டளவு கொட்டிவிட்டால் என்ன?

கூடாது! கூடவே கூடாது!

கரியில் மிகச் சிறிய அளவில் ஆர்சனிக் என்ற பாஷாணம் உண்டு. ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் ஆகியவையும் உண்டு. கரி எரிந்து போனதும் இவற்றில் பெரும்பாலானவை சாம்பலில் கூடிவிடுகின்றன. ஒரு முறை நிலத்தில் சேர்ந்தால் இவற்றைத் திரும்ப எடுக்க முடியாது. ஏர் உழுதாலும் போகாது. எரித்தாலும் போகாது. பாட்டன் போட்டது பேரன் காலத்திலும் கிடக்கும்.

போரான் இன்னொரு வில்லங்கம். கொஞ்சம் போரான் இல்லாவிட்டால் கடலைப் பருப்பு நடுவில் குழி விழுந்துவிடும். கொஞ்சம் அதிகமானாலோ இலையின் ஓரம் கருகும். பீன்ஸ் வகைகள் இதற்கு மிகவும் பயப்படும். புதிதாக விழுந்த சாம்பலில்தான் போரான் அதிகம். சில ஆண்டு மழையில் கிடந்த சாம்பலில் குறைந்து இருக்கும்.

மாலிப்டினமும் அப்படியே. செடிக்கு அதிகமானால் செடி ஒன்றும் சொல்லாது. அந்தத் தழையைத் தின்னும் மாட்டின் உடலில் தாமிரச் சத்து குறைந்து, கழிச்சல் கண்டு மெலியும். கடலைக் கொடி முழுவதும் மாட்டுக்குத்தானே போகிறது? ஆகவே வயலைப் பார்த்தால் மட்டும் போதாது. தொழுவத்தையும் பார்க்க வேண்டும்.

சுண்ணாம்பு மிகுந்த சாம்பலை நிறையக் கொட்டி மழை பெய்தால், அது சிமெண்டு போல இறுகிவிடும். மண்ணை இளக்கப் போய், தளம் போட்ட கதையாகிவிடும்! காரம் அதிகமானால் முடிச்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்களும் செத்துப்போகும்.

தொட்டிகளிலும் வயல்களிலும் செய்த பரிசோதனைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடிந்து இருக்கின்றன. கொஞ்சம் கலந்தபோது செடி உயர்ந்தது, முடிச்சு பெருகியது, காய் கூடியது. மேலும் மேலும் கலந்தபோது எல்லாம் இறங்கியது.

கரை உடைந்த ஏரி

சாம்பலை வயலில் போடாமல் ஏரியிலேயே வைத்து இருந்தால் ஆபத்து இல்லை என்றும் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் டென்னஸி மாகாணத்தில் கிங்ஸ்டன் என்ற இடத்தில், 2008 டிசம்பர் 22-ந் தேதி நள்ளிரவு கழிந்த நேரத்தில் சாம்பல் ஏரியின் கரை உடைந்தது. 40 லட்சம் கன மீட்டர் சாம்பல் சேறு வெள்ளமாகப் பாய்ந்தது. வீடுகள் நகர்ந்தன. ஆறு அடைந்தது. அந்தச் சேற்றை அள்ளிய தொழிலாளர்கள் பலர் பிறகு நோயாளியானார்கள். வழக்கும் நடந்தது.

நம் நாட்டிலும் நடந்தது. 2020 ஏப்ரலில் மத்தியப் பிரதேசம் சிங்கரௌலி மாவட்டத்தில் ஒரு சாம்பல் ஏரி உடைந்து உயிர்கள் போயின. சென்னைக்குப் பக்கத்தில் எண்ணூர் கழிமுகத்தில் சாம்பல் படிந்து, இறாலும் நண்டும் குறைந்துவிட்டதாக மீனவர்கள் முறையிட்டார்கள்.

ஆகையால் சாம்பலுக்கு ஏதாவது வழி செய்தே ஆகவேண்டிய நிலை. மத்திய அரசு 1999-ல் முதல் அறிவிப்பை வெளியிட்டது. 2021 டிசம்பர் 31-ந் தேதி புதிய அறிவிப்பு வந்தது. அனல் நிலையங்கள் தங்கள் சாம்பல் முழுவதையும் உபயோகத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாமல் விட்டால் டன்னுக்கு 1,000 ரூபாய் கட்ட வேண்டும்.

எந்த எந்த வேலைக்கு அனுப்பலாம் என்ற பட்டியலில் விவசாயமும் இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: மண்ணைப் பரிசோதித்து, கட்டுப்பாட்டோடுதான் போட வேண்டும்.

இந்த நிபந்தனையை விவசாயிகள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அபராதத்துக்குப் பயந்து சாம்பலைத் தள்ளிவிட நினைப்பவர்கள், "இலவசம், லாரியும் எங்கள் செலவு" என்று வரக்கூடும். நல்ல உலர்ந்த சாம்பலுக்குச் சிமெண்டு ஆலையில் கிராக்கி இருக்கும்போது, வயலுக்கு மட்டும் ஏன் சும்மா வருகிறது என்று கேட்பதில் தப்பு இல்லை.

போட விரும்புகிறவர்கள் என்ன செய்வது?

முதலில் மண் பரிசோதனை. மண்ணின் கார அமில நிலை 7 என்றால் நடுநிலை. 7-க்குக் குறைந்தால் அமிலம். அமில மண்ணுக்குத்தான் சுண்ணாம்புச் சாம்பல் பொருந்தும். களர் நிலத்துக்கும், ஏற்கெனவே சுண்ணாம்புக் கல் நிறைந்த கரிசலுக்கும் அது வேண்டாம்.

அடுத்து, சாம்பலையும் பரிசோதிக்க வேண்டும். ஒரு நிலையத்துச் சாம்பல் போல் மற்றொன்று இருக்காது. ஆர்சனிக், காட்மியம், போரான் எவ்வளவு என்று எழுதிய சீட்டு இல்லாமல் ஒரு கூடை கூட வாங்கக் கூடாது. வேளாண் அறிவியல் நிலையங்களில் ஆலோசனை கேட்கலாம். பயறுக்கென்றே புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

கிணறு மேலாக ஊறும் இடம், குடிநீர் ஊருணிப் பக்கம், ஆற்றுப் படுகை ஆகிய இடங்களில் சாம்பலைப் போட வேண்டாம்.

அளவு என்ன? பரிசோதனை வயல்களில் ஹெக்டேருக்கு 10 டன் என்பது சிறிய அளவு. ஏக்கருக்கு 4 டன். அதாவது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ. விளக்கும் விசிறியும் ஓடும் நம் வீட்டின் ஒரு நாள் சாம்பல்! அதையும் வருஷா வருஷம் போடுவது அல்ல. ஒரு முறை போட்டுவிட்டு, மறுபடி மண்ணைப் பரிசோதித்த பிறகுதான் யோசிக்க வேண்டும்.

சாம்பலை மட்டும் தனியாகப் போடுவதைவிட, மக்கிய தொழு உரத்தோடு கலந்து போடுவது மேல். சாம்பலில் மக்கு இல்லை. உரத்தில் இருக்கும் மக்கு, நஞ்சு உலோகங்களையும் ஓரளவு கட்டிப் போடும். மணிச்சத்தை வழக்கம்போல் போட வேண்டும். விதைக்கு ரைசோபியம் கலப்பதையும் விட்டுவிடக் கூடாது. சாம்பலும் ரைசோபியமும் ஒன்றோடு ஒன்று நேராகத் தொடாதபடி, சாம்பலை விதைப்புக்குச் சில வாரம் முன்பே உழுது கலந்துவிடுவது நல்லது.

டெல்டா ஜில்லாக்களில் நெல் தரிசில் உளுந்து விதைக்கிறார்களே, அவர்களுக்கு ஒரு சங்கடம். நெல் அறுப்புக்கு முன்பே ஈர வயலில் உளுந்தைத் தெளித்துவிடுகிறார்கள். உழவே இல்லை. சாம்பலை எப்படிக் கலப்பது? நெல்லுக்கு உழும்போதே கலந்தால்தான் உண்டு.

தூவும் நாளில் காற்று அடிக்கக் கூடாது. சாம்பலை லேசாக நனைத்துக்கொள்ள வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கண்ணாடித் தூள் நெஞ்சில் தங்கினால் நுரையீரல் கெடும். பிள்ளைகளை அன்று வயல் பக்கம் விடக் கூடாது.

முதல் ஆண்டில் வயல் முழுவதும் போட வேண்டியதே இல்லை. ஐந்து சென்ட் இடத்தில் போட்டு, பக்கத்திலேயே இன்னொரு ஐந்து சென்டைச் சும்மா விடலாம். விதை, ஜிப்சம், தண்ணீர் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. முப்பதாம் நாள் இரண்டிலும் நாலு செடி பிடுங்கி, வேர் முடிச்சைக் கிள்ளிச் சிவப்பைப் பார்க்கலாம். பறிப்பு அன்று இரண்டு துண்டின் கடலையையும் தனித்தனிச் சாக்கில் கட்டி, உலர்த்தி, எடை போட வேண்டும். அதோடு ஒவ்வொரு சாக்கிலிருந்தும் நூறு காய் எடுத்து உடைத்து, பொக்கு எத்தனை என்று எண்ணி, சுவரில் கரியால் எழுதி வைக்க வேண்டும்.